டமாக்சிஃபெனா, லெட்ரோசோலா, ஊசியா: மலைமேல் இருந்துகொண்டு முடிவெடுப்பது

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, கரண்ட் வைத்ததும் முடிந்த பிறகு கோவை டாக்டர் ஒரு சீட்டு எழுதுகிறார். தினம் ஒரு மாத்திரை, 5 வருஷம். அந்தச் சீட்டோடு மலை ஏறி வருகிறவர்களைக் கோத்தகிரியில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் பார்க்கிறேன். ஒருத்தர் சீட்டில் டமாக்சிஃபென் இருக்கும். இன்னொருத்தர் சீட்டில் லெட்ரோசோல். மூன்றாமவருக்கு மாத்திரையோடு மாதம் ஒரு ஊசியும் சேர்ந்திருக்கும். நோய் ஒன்றுதான், ஆஸ்பத்திரியும் ஒன்றுதான், மருந்து மட்டும் ஏன் வேறு என்ற சந்தேகம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் மெல்லப் பரவிக் கடைசியில் கடைக்கு வந்து சேரும். "அவளுக்குப் பவர் ஜாஸ்தி மருந்து எழுதிட்டாங்க, எனக்கு மட்டும் ஏங்க பழைய மருந்து?"

மருந்தை முடிவு செய்து எழுதுவது டாக்டர். ஆனால் எழுதும்முன் அவர் கேட்கிற சில கேள்விகளுக்கு நாம் தரும் பதிலை வைத்துத்தான் அந்த முடிவு நிற்கிறது. பதில் பிசகினால் மருந்தும் பிசகும். அதனால் பவர் பேச்சை ஓரம் கட்டிவிட்டு, எந்த உடம்புக்கு எது, எந்தப் பிழைப்புக்கு எது என்று பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஹார்மோனை நம்பி வளரும் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துகளைப் பற்றியது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர். பாசிட்டிவ் அல்லது பி.ஆர். பாசிட்டிவ் என்று இருக்கும், அதாவது ஈஸ்ட்ரோஜன் அல்லது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி கட்டியில் இருக்கிறது என்று பொருள். இரண்டுமே நெகட்டிவ் என்றால் இந்த மாத்திரைகளால் பயன் கிடையாது. பக்கத்து வீட்டில் கொடுக்கிறார்களே என்று கேட்டு வாங்க வேண்டியதும் இல்லை.

இரண்டும் செய்கிற வேலை வேறு

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் இந்த வகைப் புற்றுநோய்ச் செல்லுக்குத் தீனி. டமாக்சிஃபென் குழாயை அடைக்காது, குடத்தின் வாயை மூடிவிடும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருந்துகொண்டே இருக்கும், மார்பகச் செல்லுக்குள் மட்டும் அது வேலை செய்ய முடியாது. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் குழாயையே அடைக்கிறவை. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பில் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோனைக் கொழுப்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. மாற்றுகிற நொதிக்கு அரோமடேஸ் என்று பெயர். இந்த மூன்று மாத்திரைகளும் அந்த நொதியைத் தடுப்பதால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவே விழுந்துவிடுகிறது.

டமாக்சிஃபென் வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம். லெட்ரோசோல் 2.5. அனஸ்ட்ரசோல் வெறும் 1. எக்ஸிமெஸ்டேன் 25, அதுவும் சாப்பிட்ட பிறகு. இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து வீரியம் அளப்பது வீண் வேலை. 20 பெரிதா 1 பெரிதா என்று சண்டைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

"நின்னுடுச்சு" என்று சொல்வதற்கு முன்

தேர்வின் அச்சாணி இதுதான்: மாதவிடாய் உண்மையாகவே நின்றுவிட்டதா? ஓவரி வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு லெட்ரோசோலைத் தனியாகக் கொடுத்தால் அது காப்பாற்றாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததைக் கண்டு மூளை ஓவரியை இன்னும் வேகமாக வேலை வாங்கும். கருமுட்டை வெளிவரும், ஈஸ்ட்ரோஜன் ஏறும். நினைத்ததற்கு நேர் எதிர்.

இதற்குச் சாட்சி எங்கள் கடை அலமாரியிலேயே இருக்கிறது. அதே லெட்ரோசோல் 2.5 மாத்திரையைத்தான் குழந்தை தள்ளிப்போகிற இளம்பெண்களுக்கு மாதவிடாய் வந்த சில நாளில் தொடங்கி 5 நாள் எழுதுகிறார்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் கருமுட்டை வெளிவர முதலில் கொடுக்கும் மருந்து இன்றைக்கு அதுதான். ஒரே அட்டை, ஒரே பெயர். மாமியாருக்குப் புற்றுநோய்க்கும் மருமகளுக்குக் குழந்தைக்கும் ஒரே மருந்து வாங்கிப் போகிற வீடு உண்டு. "இது எப்படிங்க ரெண்டுக்கும் ஆகும்?" என்று கேட்டால், ஓவரி ஓய்ந்த உடம்பும் ஓயாத உடம்பும் ஒன்றல்ல என்பதே பதில். அப்படிப்பட்ட வீட்டில் அட்டைகளைத் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைக்கச் சொல்லி அனுப்புவேன். கருவுற்றவர்கள், கருவுற்றிருக்கலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த மருந்துகள் எதையும் வாயில் போடக் கூடாது.

"நின்னுடுச்சு" என்ற பதிலில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, கீமோவால் நின்றது. 43, 45 வயதில் கீமோ எடுத்தால் மாதவிடாய் பல மாதம் வராமல் இருக்கும். அது ஓய்வா, முடிவா என்று அப்போதே யாராலும் சொல்ல முடியாது. ஓவரி மறுபடி எழுந்துகொள்வதும் உண்டு. ஓவரி வேலை செய்கிறதா என்று பார்க்கும் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடயால் ரத்தப் பரிசோதனை ஓரளவு உதவும், ஆனால் ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. அந்த வயதில் லெட்ரோசோல் மட்டும் எழுதப்பட்டிருந்தால், "டாக்டர், கீமோவுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு வந்துட்டுதான் இருந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது இன்னும் வழுக்கல். நம் பக்கம் 35, 38 வயதிலேயே அதிக ரத்தப்போக்கு, கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தவர்கள் நிறையப் பேர். கர்ப்பப்பை போனால் உதிரம் நிற்கும். ஓவரி உள்ளே இருந்தால் ஈஸ்ட்ரோஜன் நிற்காது. "எனக்கு எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்று சொல்கிற பலருக்கு அந்த "எல்லாம்" எது என்று தெரியாது. அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில், மடித்த மடிப்பில் எழுத்து உதிர்ந்து கிடக்கும். அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அதில் இரண்டு பக்க ஓவரியும் எடுத்ததாக எழுதியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா, எடுக்கவே இல்லையா என்ற ஒரு வரியில் 5 வருஷ மருந்து மாறும். காகிதம் தொலைந்திருந்தால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. உத்தேசமாகப் பதில் சொல்வதைவிட "தெரியல" என்று சொல்வது நல்லது.

நின்றவர்களுக்கு: லெட்ரோசோல் பக்கம் தட்டு சாய்கிறது, ஆனால்

வயதாகி மாதவிடாய் தானாக நின்றவர்களுக்கு எது மேல் என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. சுமார் 31,900 பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அது. 5 வருஷம் அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுத்தவர்களில் 10 ஆண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 12.1 சதவீதம். டமாக்சிஃபென் எடுத்தவர்களில் 14.2 சதவீதம். நூறு பேரில் இரண்டு பேர் அளவுக்கு வித்தியாசம். சிறியதுதான், ஆனால் அந்த இருவரில் ஒருவராக இருக்கிறவருக்கு முழு உயிர்.

அதே ஆய்வில் மறுபக்கமும் இருக்கிறது. 5 ஆண்டில் எலும்பு முறிவு அரோமடேஸ் தடுப்பு எடுத்தவர்களில் 8.2 சதவீதம், டமாக்சிஃபெனில் 5.5. கர்ப்பப்பைப் புற்றுநோய் 10 ஆண்டில் முறையே 0.4, 1.2. ஆக, லெட்ரோசோல் எலும்பைத் தின்னும். டமாக்சிஃபென், மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பைக் காக்கும், ஆனால் கர்ப்பப்பையையும் ரத்த ஓட்டத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்தை அது இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது.

இதை எப்படி எடைபோடுவது? ஏற்கெனவே காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவருக்கு டமாக்சிஃபென் வேண்டாம் என்பதில் பெரும்பாலும் விவாதமே இருக்காது. கர்ப்பப்பை உள்ளே இருந்து, நின்றுபோன பிறகும் திட்டுத்திட்டாக ரத்தம் படுகிறவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுபுறம், எலும்பு ஏற்கெனவே தேய்ந்து மணிக்கட்டு ஒருமுறை முறிந்த 68 வயதுப் பாட்டிக்கு, புற்றுநோய் சிறியது, நிணநீர்க் கட்டிக்குப் பரவவில்லை என்றால், டமாக்சிஃபென் பழைய மருந்து என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. எலும்பு மருந்தும் சேர்த்து லெட்ரோசோல் கொடுப்பது இன்னொரு வழி. இந்த இரண்டில் எது என்று டாக்டரிடம் நேராகக் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொழுந்து பறிக்கிற விரல்

ஆய்வுக் கணக்கில் பெரிதாகத் தெரியாத ஒரு விஷயம் எங்கள் மலையில் முதலில் தெரிகிறது: விரல். அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களில் பாதிப் பேர் வரை மூட்டுவலி சொல்கிறார்கள். தொடங்கிய இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். காலையில் எழுந்ததும் கை மடங்காது. கட்டைவிரல் மடக்கினால் மாட்டிக்கொண்டு 'டக்' என்று நிமிரும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் நுனி மரத்துப்போகும். மேசை வேலை செய்கிறவர் ஒரு கப் காபி குடிக்கும் நேரத்தில் சரியாகிவிடுகிறது என்பார். கொழுந்து பறிக்கிறவருக்கு அப்படி விட முடியாது. ரெண்டு இலை ஒரு மொட்டு என்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை சேர்கின்றன! பனி இறங்கின காலையில், ஈரச் செடியில். எடை குறைந்தால் மேஸ்திரி பார்ப்பார், கூலி குறையும்.

ஒருமுறை கடைக்கு வந்த ஓர் அக்கா கையை கவுண்டர்மேல் வைத்துக் காட்டினார். சுட்டுவிரலின் பக்கவாட்டில் தேயிலைக் கறை ஏறிய பழைய காய்ப்பு, அதற்குக் கீழே கணு வீங்கியிருந்தது. "மாத்திரை போட்டா கை போகுது, போடலைன்னா உயிர் போகுமாம். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன் கண்ணு" என்றார். இப்படித் தானாகக் குறைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். டாக்டரிடம் சொல்வதில்லை, கேட்டால் தினமும் போடுகிறேன் என்றுதான் சொல்வார்கள். எனக்கு இந்த மருந்துகளில் ஒரு கட்டாயமான கருத்து உண்டென்றால் இதுதான்: அரைகுறையாக விழுங்கும் லெட்ரோசோலைவிட ஒழுங்காக விழுங்கும் டமாக்சிஃபென் மேல். கை வலிக்கிறது என்பதை டாக்டரிடம் சொன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில், வலி கூடாதவரை தினமும் நடை, விரலை மடக்கி நீட்டும் பயிற்சி. இது ஒப்புக்குச் சொல்வதல்ல. உடற்பயிற்சி இந்த வலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. காலையில் வெந்நீரில் கையை முக்கி வைப்பது வீட்டு வழி, செய்துபார்ப்பதில் தப்பில்லை. அடுத்து டாக்டர் சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார். வலி இறங்கினால் காரணம் மாத்திரைதான் என்று உறுதியாகும். பிறகு லெட்ரோசோலிலிருந்து எக்ஸிமெஸ்டேனுக்கோ அனஸ்ட்ரசோலுக்கோ மாற்றுவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. டியூலாக்ஸெட்டின் என்ற மருந்தும் சிலருக்கு இந்த வலியைக் குறைக்கும். எதுவும் சரிப்படாவிட்டால் டமாக்சிஃபெனுக்கு மாறலாம், 2, 3 வருஷம் ஒன்று, மீதி வருஷம் மற்றொன்று என்பதும் ஏற்கப்பட்ட முறைதான். அந்த அக்காவை நான் அனுப்பிவைத்தது இந்தப் பேச்சுக்குத்தான். கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றுகொண்டு காலம் தள்ளுவது, அதுவும் பிரஷர், கிட்னி தொந்தரவு இருப்பவர்கள், வேண்டவே வேண்டாம்.

எலும்பு

அரோமடேஸ் தடுப்பு தொடங்கும் முன் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும், பிறகு ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் இதற்குக் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மைசூரோ கோழிக்கோடோ கிட்டம். ஸ்கேனில் டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புத் தேய்மானம். ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு நாள் கூலியை விட வேண்டாம், டாக்டரைப் பார்க்கும் அன்றே எடுக்க முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மலையில் விழுவதற்கு இடம் தேடவே வேண்டாம். தோட்டத்துச் சரிவு, பாசி பிடித்த படி, மழையில் களிமண் பாதை, கரண்ட் போன இரவில் வெளியே இருக்கும் கழிவறை. வயதானவர் இருக்கும் வீட்டில் படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி, பிடிமானமுள்ள செருப்பு, தலைமாட்டில் டார்ச் இவை எலும்பு மாத்திரைக்குச் சமமான காவல். சாப்பாட்டில் கேழ்வரகு நமக்குப் புதிதல்ல, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், களி இன்னும் அடுப்பில் இருக்கிறது, அதை விடாமல் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது குறி. வைட்டமின் டி வேறு கதை. ஜூன் தொடங்கினால் வாரக்கணக்கில் மூடுபனி, வெயில் வந்தாலும் ஸ்வெட்டரும் தலைத்துண்டும். ரத்தத்தில் அளவு பார்த்து டாக்டர் சொன்ன அளவு மாத்திரை எடுப்பதே சரி. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கால்சியத்தை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எலும்பு ரொம்பத் தேய்ந்திருந்தால் ஜோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை 6 மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். மாதவிடாய் நின்றவர்களில் அது எலும்பில் புற்றுநோய் திரும்புவதையும் ஓரளவு குறைக்கிறது. அதற்கு முன் பல்லைக் காட்டிச் சரிசெய்துவிட வேண்டும், ஏனென்றால் மருந்து ஏற்றிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

நிற்காதவர்களுக்கு: மாத்திரை மட்டுமா, ஊசியா, ஓவரியையே எடுப்பதா

இது கடினமான தேர்வு, இதில்தான் மலைப்பாதை குறுக்கே வருகிறது.

டமாக்சிஃபென் மட்டும் எடுப்பது எளிது. புற்றுநோய் சிறியது, பரவவில்லை, கீமோ தேவைப்படவில்லை என்றால் பல பேருக்கு அது போதும். திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள இளம் பெண்களுக்கு ஓவரியை நிறுத்திவைத்து, அதன்மேல் மாத்திரை கொடுப்பது கூடுதல் பயன் தருகிறது. சாஃப்ட் என்ற ஆய்வில் 35 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில், டமாக்சிஃபென் மட்டும் எடுத்து 5 ஆண்டு மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருந்தவர்கள் 67.7 சதவீதம். ஓவரியையும் நிறுத்தி டமாக்சிஃபென் எடுத்தவர்கள் 78.9. ஓவரியை நிறுத்தி எக்ஸிமெஸ்டேன் எடுத்தவர்கள் 83.4. அந்த வயதுக்காரிக்கு இந்த வித்தியாசம் விட்டுக்கொடுக்கக் கூடியதல்ல.

நிறுத்த ஒரு வழி ஊசி. கோசெரெலின் 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில், சற்றுத் தடித்த ஊசியால். லூப்ரோலைடு 3.75 மாதம் ஒன்று, 11.25 என்றால் 3 மாதத்துக்கு ஒன்று. ஊசி தள்ளிப்போனால் ஓவரி எழுந்துகொள்ளும். ஊசியோடு லெட்ரோசோலோ எக்ஸிமெஸ்டேனோ எடுப்பவருக்கு, மேலே சொன்ன தலைகீழ் ஆபத்து அந்த நாட்களில் திரும்பி வரும். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் 28வது நாள் நமக்காகக் காத்திருக்காது. அதனால் ஊசியை உள்ளூரிலேயே போட்டுக்கொள்ள முடியுமா என்பதே முதல் கேள்வி. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கோத்தகிரி, குன்னூர் பக்கமுள்ள வேறு ஆஸ்பத்திரியிலோ போட ஏற்பாடு ஆகுமா என்று கோவை டாக்டரிடம் கடிதமே கேட்டு வாங்கலாம். மருந்தை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பஸ்ஸில் கொண்டுவரும்முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலை இன்னொரு மலை. ஊசி ஒன்றுக்கே பல ஆயிரம் ஆகும், முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்பதைத் தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள்.

இன்னொரு வழி லேப்ராஸ்கோப்பியில் இரண்டு ஓவரியையும் எடுத்துவிடுவது. யோசனை புதிதல்ல. 1896இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணின் ஓவரியை எடுத்து, கட்டி சுருங்கியதை எழுதிவைத்தார். ஹார்மோன் சிகிச்சை என்று இன்று சொல்வது அங்கேதான் தொடங்கியது. ஒருமுறை ஆபரேஷன், அதோடு மாதாமாதம் பஸ் ஏறும் வேலை இல்லை, ஊசிச் செலவும் இல்லை. ஆனால் திரும்பி வர முடியாத வழி. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமும் மிச்சமிருந்தால் அவசரப்படக் கூடாது. எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் நெடுங்காலம் ஓட வேண்டியிருக்கும். 46 வயது, குடும்பம் நிறைந்துவிட்டது, மார்பக, ஓவரிப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது என்றால் எடுப்பதற்கு இரட்டைக் காரணம் உண்டு. 32 வயதுக்காரிக்கு நான் ஊசியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன், முதல் சில மாதம் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கவாவது. இந்த முடிவை மாமியாரோ கணவரோ மட்டும் உட்கார்ந்து எடுத்துவிட்டு வருகிற வீடுகளும் இருக்கின்றன. எரிச்சல் வருகிறது, வேறென்ன சொல்ல.

எந்த வழியானாலும், மாதவிடாய் நிற்காதவர்கள் கருத்தடைக்குக் காப்பர் டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். டமாக்சிஃபென் எடுக்கும்போது தீட்டு தள்ளிப்போவதால் கரு நிற்காது என்று நம்பிவிடக் கூடாது.

கூடச் சாப்பிடக் கூடாதவை, கவனிக்க வேண்டியவை

டமாக்சிஃபென் ஈரலில் போய்ப் பக்குவப்பட்ட பிறகுதான் நன்றாக வேலை செய்யும். ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பது, தூக்கம் கெடுவது இவற்றுக்காக வேறொரு டாக்டர் இதில் ஒன்றை எழுதிவிடலாம். வென்லாஃபாக்சின் போல இடிக்காத மருந்து இருக்கிறது, எனவே எந்த டாக்டரிடம் போனாலும் டமாக்சிஃபென் அட்டையைக் காட்டுங்கள். எங்கள் ஊர்க் குளிரில் ஸ்வெட்டருக்குள் திடீரென்று வியர்ப்பது தனிக் கொடுமை: கழற்றினால் நடுக்கம், போட்டால் கொதிப்பு. மெல்லிய துணியாக இரண்டு மூன்று அடுக்காகப் போட்டுக்கொள்வது கழற்றி மாட்ட வசதி.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோ, பிறப்புறுப்பு வறட்சிக்கான ஈஸ்ட்ரோஜன் கிரீமோ கேட்காமல் கூடாது. வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத ஜெல் இருக்கிறது, வெட்கப்படாமல் கேட்கலாம், எங்களுக்குப் பழகிப்போன கேள்விதான். பெண்களுக்கு நல்லது என்று விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், மாத்திரை வடிவில் வரும் சோயா சத்து இவற்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். குழம்பில் போடும் சோயா உருண்டைக்கு யாரும் தடை சொல்லவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை சில: ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், எந்த மாத்திரை எடுப்பவரானாலும், ஒரு துளியே ஆனாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். லெட்ரோசோல் எடுப்பவருக்கு அப்படிப் பட்டால் ஓவரி எழுந்துவிட்டதா என்றும் பார்ப்பார்கள். அரோமடேஸ் தடுப்பு எடுப்பவர்கள் கொலஸ்ட்ராலையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மழைக்காலம் தொடங்கும் முன் இரண்டு வாரத்துக்காவது கூடுதல் மாத்திரை வீட்டில் இருக்கட்டும். ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் இருப்பு இருந்தால் செலவு நன்றாகக் குறையும். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு பொருந்தினால் அட்டையின் நிறம் மாறியிருப்பதற்காகப் பதற வேண்டாம்.

5 வருஷம் முடிந்தால்

அங்கேயும் தேர்வு இருக்கிறது. டமாக்சிஃபெனை 10 ஆண்டு வரை நீட்டினால் பயன் உண்டு என்று 2013இல் அட்லஸ் ஆய்வு காட்டியது. மாதவிடாய் நின்று, 5 வருஷ ஹார்மோன் மாத்திரை முடித்தவர்களுக்கு அனஸ்ட்ரசோலை இன்னும் 2 வருஷம் கொடுப்பதா 5 வருஷம் கொடுப்பதா என்று ஆஸ்திரியாவில் பார்த்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள்: நோயைத் தடுப்பதில் இரண்டும் ஒன்றே, நீட்டியவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதல். எனவே 10 வருஷம் சாப்பிட்டால் இன்னும் பத்திரம் என்று தாமாகவே தொடர்வதும், 5 வருஷம் ஆன மறுநாளே அட்டையைத் தூக்கி எறிவதும் இரண்டுமே வேண்டாம். நான்கரை வருஷம் ஆனதும் கோவையில் நேரம் வாங்கி, கடைசி டெக்சா ரிப்போர்ட்டையும் முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நிணநீர்க் கட்டி எத்தனையில் நோய் இருந்தது என்ற எண் அந்தப் பழைய காகிதத்தில்தான் இருக்கிறது, நீட்டுவதா நிறுத்துவதா என்பதற்கு டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.